டிரைவர் அப்டேட்டுக்குப் பிறகு கம்பியூட்டர் ஓன் ஆகவில்லையா? போர்மட் பண்ணும் முன் இதைச் செய்யுங்கள்

மலையகத்தில் ஒரு லெப்டொப் ஓன் ஆகாமல் நின்றால் அடுத்து நடப்பது பெரும்பாலும் ஒன்றுதான். பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறி அட்டனுக்கோ பண்டாரவளைக்கோ போவோம். கடையில் ஒரு தடவை பட்டனை அமத்திப் பார்த்துவிட்டு, "போர்மட் பண்ணித்தான் ஆகணும்" என்பார்கள். பின்னேரம் லெப்டொப் நன்றாக வேலை செய்யும். ஆனால் ஏ.எல். படிக்கும் பிள்ளையின் நோட்ஸ், டீச்சர் செய்து வைத்த தவணைப் பரீட்சை வினாத்தாள்கள், கலியாணப் படங்கள் எதுவும் இருக்காது.

டிரைவர் அப்டேட்டால் நின்ற கம்பியூட்டருக்கு இந்தத் தண்டனை தேவையே இல்லை. டிரைவர் என்பது விண்டோஸுக்கும் கம்பியூட்டரின் ஓர் உறுப்புக்கும் நடுவில் நிற்கும் சிறிய புரோகிராம். திரைக்கு ஒன்று, வை-ஃபைக்கு ஒன்று, சத்தத்துக்கு ஒன்று, டிஸ்கைப் படிக்க ஒன்று. இவை விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருப்பவை. உங்கள் டொக்கியுமென்ட்ஸும் படங்களும் இருப்பது யூசர்ஸ் என்ற வேறு ஃபோல்டரில். புதிதாக வந்த டிரைவர் சரியில்லை என்றால் விண்டோஸ் ஏறும் வழியில் நின்றுவிடும், அவ்வளவுதான். கோப்புகள் இருந்த இடத்திலேயே இருக்கும். கடைசியாக வந்த டிரைவரை எடுத்துவிட்டுப் பழையதற்குத் திரும்பினால் வேலை முடிந்தது.

2024 ஜூலை 19ஆம் திகதி நடந்ததை நினைத்துப் பாருங்கள். கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளுக்கு வந்த பிழையான அப்டேட் ஒன்று, மைக்ரோசொப்ட்டின் கணக்குப்படி சுமார் 85 இலட்சம் விண்டோஸ் கம்பியூட்டர்களை நீலத் திரையில் நிறுத்தியது. பல நாடுகளில் விமானங்கள் கூட ரத்தாகின. அதற்குச் சொல்லப்பட்ட தீர்வு, சேஃப் மோடில் போய் குறிப்பிட்ட கோப்பை அழித்துவிட்டு ரீஸ்டார்ட் பண்ணுவது. போர்மட் அல்ல. உங்கள் வீட்டு மேசையில் இருக்கும் ஒற்றை லெப்டொப்புக்கும் அதே நியாயம்தான்.

கீழே உள்ளவை விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் பொருந்தும். ஒழுங்காக மேலிருந்து கீழே வாருங்கள். இடையில் எங்கே சரியானாலும் அங்கேயே நிறுத்திவிட்டு, டிரைவர் திரும்ப வராமல் தடுக்கும் பகுதிக்குப் போய்விடலாம்.

தொடங்கும் முன் வானத்தைப் பாருங்கள்

ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் மத்தியானத்துக்குப் பிறகு மலையில் இடி இடிக்காத நாள் குறைவு. திருத்தும் வேலை பாதியில் நிற்கும்போது கரண்ட் போனால் ஒரு பிரச்சினை இரண்டாகும். டெஸ்க்டொப்புக்கு யூபிஎஸ் இல்லையென்றால் காலையில் வேலையைத் தொடங்குங்கள். லெப்டொப் என்றால் பெட்டரியை நன்றாக ஏற்றிவிட்டு உட்காருங்கள். இடி கேட்டதும் சார்ஜரைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டு பெட்டரியிலேயே தொடரலாம்.

ஒரு தாளில் நான்கு விஷயங்களை எழுதிக்கொள்ளுங்கள். எதை அப்டேட் பண்ணினீர்கள், எப்போது, எங்கிருந்து வந்தது, அப்டேட் ஓடும்போது கரண்ட் போனதா. கடைசிக் கேள்வி முக்கியம். டிரைவரே பிழையானது என்பது ஒன்று. நல்ல டிரைவர் பாதி ஏறி நின்றது என்பது வேறு. இரண்டாவது வகையில் அதே டிரைவரை ஒழுங்காக மறுபடி போட்டாலே போதும்.

திரையில் என்ன வந்தாலும் போனில் படம் எடுத்துவையுங்கள். பிறகு யாரிடம் உதவி கேட்டாலும் அந்தப் படம்தான் பேசும்.

எந்த இடத்தில் நிற்கிறது?

இதைச் சரியாகப் பார்த்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. அவசரப்பட்டு பட்டனைத் திரும்பத் திரும்ப அமத்தாதீர்கள். டிஸ்க் லைட் மினுங்கிக்கொண்டிருந்தால் உள்ளே வேலை நடக்கிறது. பழைய ஹார்ட் டிஸ்க் உள்ள மெஷினில் ஓர் அப்டேட் முடிய அரை மணித்தியாலம் கூட எடுக்கும். பொறுத்துப் பாருங்கள்.

கம்பனி லோகோவே வரவில்லையா? ஃபேன் சுற்றுகிறது, லைட் எரிகிறது, திரை இருட்டு. அப்படியானால் குற்றவாளி பெரும்பாலும் டிரைவர் அல்ல. விண்டோஸ் ஏறத் தொடங்கிய பிறகுதான் அதன் டிரைவர்களுக்கு வேலை. லோகோ அதற்கும் முந்தியது. விதிவிலக்கு ஒன்று உண்டு. கம்பனியின் அப்டேட் புரோகிராமோ விண்டோஸ் அப்டேட்டோ டிரைவர்களோடு சேர்த்து பயோஸையும் (விண்டோஸுக்கு முன்பே ஓடி கம்பியூட்டரைத் தொடக்கிவைக்கும், மதர்போர்ட்டில் உள்ள புரோகிராம்) அப்டேட் பண்ணியிருக்கலாம். அந்த நேரத்தில் ஃபேன் வேகமாகச் சுற்றும், தானாக அணைந்து அணைந்து எரியும். கை வைக்காமல் அரை மணித்தியாலம் விடுங்கள்.

அதுவும் இல்லையென்றால் சார்ஜரைக் கழற்றி, பெட்டரி கழலக்கூடியது என்றால் அதையும் கழற்றி, பவர் பட்டனை 30 விநாடி அமத்திப் பிடியுங்கள். பிறகு சார்ஜரை மட்டும் கொடுத்து ஓன் பண்ணிப் பாருங்கள். நுவரெலியா, நானுஓயா, அப்புத்தளைப் பக்கம் மூடுபனிக் காலத்தில் ஜன்னலோரம் வைத்த மெஷின்களில் ஈரம் ஏறி ரேம் சரியாகத் தொடாமல் போவதும் நடக்கும். டெஸ்க்டொப் என்றால் பிளக்கைக் கழற்றிவிட்டு ரேமை எடுத்து, அதன் ஓரத்தில் உள்ள தங்க நிறத் தொடுபகுதியை பென்சில் அழிறப்பரால் மெதுவாகத் துடைத்து, 'டக்' என்று சத்தம் வரும்வரை அமத்திப் போடுங்கள்.

டெஸ்க்டொப்பில் இன்னொன்றையும் பாருங்கள். ஓன் பண்ணும்போது பயோஸில் திகதி பல வருடம் பின்னால் போயிருந்தால் மதர்போர்ட்டில் இருக்கும் சிஆர் 2032 காசு பெட்டரி செத்துவிட்டது. அது செத்தால் பயோஸ் செட்டிங்ஸ் எல்லாம் பழையபடி ஆகும். டிஸ்க் எந்த முறையில் படிக்கப்பட வேண்டும் என்ற செட்டிங்கும் மாறலாம். விண்டோஸ் போடும்போது ஏஎச்சிஐயில் இருந்தது இப்போது ரெய்டுக்கு மாறியிருந்தால், 'இன்எக்ஸஸிபிள் பூட் டிவைஸ்' என்ற நீலத் திரை வரும். நேற்று டிரைவர் போட்டவர் டிரைவரைத்தான் திட்டுவார். பெட்டரியை மாற்றி, செட்டிங்கைப் பழையபடி வைத்தால் ஒரு டிரைவரையும் தொடாமல் எழும்பிவிடும். பதினோராம் தலைமுறை இன்டெல் முதல் வந்த பல லெப்டொப்களில் இதே இடத்தில் விஎம்டி என்றொரு செட்டிங் இருக்கும். பயோஸ் அப்டேட் ஆன பிறகு அது மாறியிருக்கிறதா என்று பாருங்கள்.

லோகோ வந்து, பிறகு திரை கறுப்பாகிறதா? மவுஸ் அம்பு மட்டும் தெரிகிறதா, அதுவும் இல்லையா? கேப்ஸ் லொக்கைத் தட்டிப் பாருங்கள். அதன் லைட் எரிந்து அணைந்தால் உள்ளே கம்பியூட்டர் உயிரோடுதான் இருக்கிறது, திரைக்குப் படம் போகவில்லை. கிராஃபிக்ஸ் டிரைவர்தான் காரணம் என்று ஏறக்குறைய நிச்சயமாகச் சொல்லலாம். விண்டோஸ் கீ, கண்ட்ரோல், ஷிஃப்ட், பி (B) நான்கையும் சேர்த்து அமத்துங்கள். கிராஃபிக்ஸ் டிரைவர் மறுபடி தொடங்கும், சிறிய 'பீப்' கேட்கலாம். அதற்கும் அசையவில்லை என்றால் எச்டிஎம்ஐ வயரில் டீவியை இணைத்துப் பாருங்கள். டீவியில் படம் வந்தால் அங்கிருந்தே டிரைவரைப் பின்னுக்கு எடுத்துவிடலாம்.

நீலத் திரை வருகிறதா? அண்மைக்கால விண்டோஸ் 11இல் அது கறுப்புத் திரையாக மாறியிருக்கிறது, பயப்பட வேண்டாம், விஷயம் ஒன்றுதான். கீழே 'ஸ்டொப் கோட்' என்று வரும் பிழைப் பெயரைப் படம் எடுங்கள். 'வீடியோ டிடிஆர் ஃபெயிலியர்' என்றால் கிராஃபிக்ஸ். 'இன்எக்ஸஸிபிள் பூட் டிவைஸ்' என்றால் டிஸ்க் அல்லது சிப்செட் டிரைவர். 'டிரைவர் ஐஆர்க்யூஎல்' என்று தொடங்கினால் ஏதோ ஒரு டிரைவர் தொடக்கூடாத மெமரியைத் தொட்டிருக்கிறது. வை-ஃபை, நெட்வொர்க் டிரைவர்கள் இதில் அடிக்கடி மாட்டும். சில நேரம் 'வட் ஃபெயில்ட்' என்ற வரியில் கோப்பின் பெயரும் இருக்கும். 'என்வி' என்று தொடங்கினால் என்விடியா, 'ஐஜிடி' என்றால் இன்டெல் கிராஃபிக்ஸ், 'ஏடிஐ' அல்லது 'ஏஎம்டி' என்றால் ஏஎம்டி.

புள்ளிகள் முடிவில்லாமல் சுற்றுகிறது, அல்லது 'ஒட்டோமெட்டிக் ரிப்பேர்' என்று வந்து வந்து போகிறது என்றால் நேராக அடுத்த படிக்கு வாருங்கள்.

டிஸ்க்கிலிருந்து 'டிக் டிக்' என்று சத்தம் கேட்டால் மட்டும் இந்த வழிகாட்டியை மூடிவிடுங்கள். அது டிரைவர் அல்ல, டிஸ்க் சாகிறது. ஓன் பண்ணும் ஒவ்வொரு தடவையும் கோப்புகள் குறையும். அணைத்துவிட்டு டேட்டா ரிகவரி செய்பவரிடம் கொடுங்கள்.

ரிகவரிக்குள் நுழைவது

முதலில் பிரின்டர், டொங்கிள், பென் டிரைவ், மெமரி கார்ட், வெளி மவுஸ் எல்லாவற்றையும் கழற்றுங்கள். பிரின்டர் டிரைவர் அப்டேட்டுக்குப் பிறகு யூஎஸ்பி வயரைக் கழற்றியதும் விண்டோஸ் ஒழுங்காக ஏறுவதும் உண்டு.

இப்போது ஓன் பண்ணுங்கள். லோகோவுக்குக் கீழே புள்ளிகள் சுற்றத் தொடங்கியதும் பவர் பட்டனை 10 விநாடி அமத்திப் பிடித்து அணையுங்கள். இன்னொரு முறை அப்படியே செய்யுங்கள். மூன்றாம் முறை விட்டுவிடுங்கள். விண்டோஸ் தானாகவே ரிகவரி என்ற பழுதுபார்க்கும் பகுதிக்குள் போகும். பழைய ஆட்கள் சொல்லும் எஃப் 8 விண்டோஸ் 8 வந்ததிலிருந்து வழக்கமாக வேலை செய்வதில்லை, அதில் நேரத்தைக் கழிக்க வேண்டாம். லொகின் திரை வரைக்கும் வருகிறது என்றால் இவ்வளவும் தேவையில்லை. ஷிஃப்ட்டை அமத்திக்கொண்டே ரீஸ்டார்ட்டைத் தட்டுங்கள்.

நீல நிறத்தில் 'சூஸ் என் ஒப்ஷன்' என்ற பக்கம் வரும். அதில் ட்ரபிள்ஷூட், பிறகு அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸ். நமக்குத் தேவையான எல்லாம் அந்தப் பக்கத்தில்தான். பக்கத்திலேயே 'ரீசெட் திஸ் பீசி' என்றும் ஒன்று கண்ணில் படும். அதை இப்போதைக்குத் தொடாதீர்கள்.

48 இலக்கம் கேட்டால்

சிலருக்கு இந்த இடத்தில் பிட்லொக்கர் ரிகவரி கீ கேட்கும். விண்டோஸ் 11 உள்ள புது லெப்டொப்பில் மைக்ரோசொப்ட் எக்கவுண்டோடு நுழைந்திருந்தால், உங்களைக் கேட்காமலே டிஸ்க் பூட்டப்பட்டிருக்கலாம். சாவி 48 இலக்கம். ஊகித்துப் போட முடியாது, எந்தக் கடைக்காரராலும் உடைக்கவும் முடியாது.

அந்தச் சாவி பெரும்பாலும் உங்கள் மைக்ரோசொப்ட் எக்கவுண்டில் பத்திரமாக இருக்கும். போனில் மைக்ரோசொப்ட் எக்கவுண்ட் பக்கத்துக்குப் போய், டிவைசஸ் பகுதியில் பிட்லொக்கர் ரிகவரி கீஸைத் திறவுங்கள். திரையில் காட்டும் கீ ஐடியின் முதல் எழுத்துகளும் பக்கத்தில் உள்ள ஐடியும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு எண்களை ஒவ்வொன்றாக அடியுங்கள்.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், லெப்டொப் வாங்கிய அன்று கடையில் இருந்த தம்பியோ, சொந்தக்காரப் பையனோ தன் ஈமெயிலைப் போட்டு செட் பண்ணிக் கொடுத்திருப்பார். அப்படியானால் சாவி அவருடைய எக்கவுண்டில் இருக்கும். போர்மட் பண்ணச் சம்மதிக்கும் முன் அவருக்கு ஒரு கோல் எடுங்கள். லெப்டொப் நன்றாக இருக்கும் வாசகர்கள் இன்றைக்கே இந்தச் சாவியை எடுத்து ஒரு தாளில் எழுதி, அடையாள அட்டை வைக்கும் இடத்தில் வைத்துவிடுங்கள். இந்தக் கட்டுரையில் நான் சொல்வதில் ஒன்றை மட்டும்தான் செய்வீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள்.

திருத்தும் முன் கோப்புகளை வெளியே எடுங்கள்

அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸில் கொமாண்ட் ப்ரொம்ப்ட்டைத் திறவுங்கள். கறுப்புப் பெட்டி வரும். அதில் நோட்பேட் என்று ஆங்கிலத்தில் அடித்து என்டர் கொடுங்கள். சாதாரண நோட்பேட் திறக்கும். ஃபைல், ஓப்பன் என்று போய், கீழே உள்ள பெட்டியில் 'ஓல் ஃபைல்ஸ்' என்று மாற்றுங்கள். இப்போது அந்தச் சிறிய ஜன்னலே உங்கள் கம்பியூட்டரைத் திறந்து காட்டும். பென் டிரைவைச் செருகி, உங்கள் ஃபோல்டரில் ரைட் கிளிக் பண்ணி கொப்பி, பென் டிரைவில் பேஸ்ட். எவ்வளவு கொப்பி ஆனது என்று காட்டும் பச்சைக் கோடு இங்கே வராது. ஜன்னல் உறைந்த மாதிரி நிற்கும், முடிந்ததும் விடும். பெரிய ஃபோல்டர் என்றால் பொறுமை வேண்டும்.

இங்கே சி டிரைவ் டியாகவும் டி சியாகவும் மாறித் தெரியலாம். யூசர்ஸ் ஃபோல்டர் எதில் இருக்கிறதோ அதுதான் உங்கள் விண்டோஸ் டிரைவ். டெஸ்க்டொப்பில் வைத்தவை யூசர்ஸுக்குள் உங்கள் பெயருக்குக் கீழே டெஸ்க்டொப் ஃபோல்டரில் இருக்கும். ஒன்டிரைவ் ஓடினால் ஒன்டிரைவ் ஃபோல்டருக்குள்ளும் பாருங்கள். வாட்ஸ்அப்பில் இறக்கியவை பெரும்பாலும் டவுன்லோட்ஸில்.

ஆசிரியர்கள் மறக்கும் ஒன்று பாமினி. நம் பாடசாலைகளில் வினாத்தாள்கள் பல இன்னும் பாமினி எழுத்துருவில்தான் இருக்கின்றன. நாளைக்கு விண்டோஸை மறுபடி போட நேர்ந்தால் அந்த எழுத்துரு போய்விடும். வினாத்தாளைத் திறந்தால் ஆங்கில எழுத்துகள் குழம்பிப்போய்க் கிடக்கும். விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபொன்ட்ஸ் ஃபோல்டரிலிருந்து தமிழ், சிங்கள எழுத்துருக்களையும் சேர்த்து எடுத்துக்கொள்ளுங்கள்.

சேஃப் மோட்: பெரும்பாலானோருக்கு இங்கேயே முடியும்

அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸில் ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ், ரீஸ்டார்ட். ஒன்று முதல் ஒன்பது வரை பட்டியல் வரும். 4ஐ அமத்தினால் சேஃப் மோட், 5 என்றால் நெட்வொர்க்கோடு சேஃப் மோட். வை-ஃபை டிரைவர் மேல் சந்தேகம் என்றால் 4 போதும். நீலத் திரை ஒரு மின்னல் போல வந்து மறைந்து ரீஸ்டார்ட் ஆகிக்கொண்டே இருந்தால் 9ஐ அமத்துங்கள். அப்போது நீலத் திரை நின்று நிதானமாக ஸ்டொப் கோடைக் காட்டும்.

சேஃப் மோடில் விண்டோஸ் அத்தியாவசியமான டிரைவர்களை மட்டும் ஏற்றும். புதிதாக வந்த கிராஃபிக்ஸ் டிரைவரைத் தொடாது. அதனால்தான் சாதாரணமாக ஏறாத மெஷின் இதில் ஏறுகிறது. பொகவந்தலாவைப் பக்கத்து டீச்சர் ஒருவருக்கு வாட்ஸ்அப் வீடியோவில் இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது பதறிப்போய்க் கேட்டார்: "தம்பி, நாலை அமத்திட்டேன். எல்லாம் கறுப்பா, ஐகன் எல்லாம் பெரிசு பெரிசா இருக்கு. நாலு மூலையிலயும் ஏதோ எழுதியிருக்கு. நான் ஏதும் கெடுத்திட்டேனா?" "இல்ல டீச்சர், அப்படித்தான் வரணும். மூலையில என்ன எழுதியிருக்குனு வாசிங்க." "சேஃப் மோட்." "அப்ப சரி. இனி பயமில்ல." அந்தக் கறுப்புத் திரையும் பெரிய எழுத்தும்தான் நாம் எதிர்பார்ப்பது. பின் நம்பரை ஏற்கவில்லை என்றால் எக்கவுண்ட் பாஸ்வேர்டைக் கொடுங்கள். சேஃப் மோடில் சில நேரம் பின் நம்பர் வேலை செய்யாது.

ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் பண்ணி டிவைஸ் மேனேஜரைத் திறவுங்கள். கிராஃபிக்ஸ் என்றால் டிஸ்ப்ளே எடப்டர்ஸ், வை-ஃபை என்றால் நெட்வொர்க் எடப்டர்ஸ், டிஸ்க் என்றால் ஸ்டோரேஜ் கன்ட்ரோலர்ஸ். சந்தேகமானதில் ரைட் கிளிக், ப்ரொப்பர்டீஸ், பிறகு டிரைவர் டெப். அதில் 'ரோல் பேக் டிரைவர்' என்ற பட்டன் இருக்கும். அமத்தி, ஏதாவது ஒரு காரணத்தைத் தெரிவு செய்து, யெஸ் கொடுத்து ரீஸ்டார்ட் பண்ணுங்கள். அவ்வளவுதான்.

எது கடைசியாக வந்தது என்று தெரியாவிட்டால் அதே ப்ரொப்பர்டீஸில் ஈவென்ட்ஸ் டெப்பைப் பாருங்கள். டிரைவர் போட்ட திகதியும் நேரமும் அங்கே இருக்கும். டிரைவர் டெப்பில் காட்டும் திகதியை வைத்து முடிவெடுக்காதீர்கள், அது கம்பனி அந்த டிரைவரை வெளியிட்ட திகதி. லெப்டொப்பில் இன்டெல், என்விடியா என்று இரண்டு கிராஃபிக்ஸ் இருந்தால் இரண்டையும் பாருங்கள். அப்டேட் ஆனதை மட்டும் பின்னுக்கு எடுங்கள்.

ரோல் பேக் பட்டன் மங்கலாக இருந்தால் பழைய டிரைவர் கைவசம் இல்லை என்று அர்த்தம். அன்இன்ஸ்டோல் டிவைஸை அமத்தி, டிரைவரையும் நீக்கு என்ற சின்னப் பெட்டியில் கட்டாயம் டிக் போடுங்கள். டிக் போடாவிட்டால் ரீஸ்டார்ட் ஆனதும் அதே டிரைவர் திரும்ப ஏறும். கிராஃபிக்ஸ் டிரைவரை நீக்கிய பிறகு விண்டோஸ் தன்னிடம் உள்ள அடிப்படை டிரைவரோடு எழும்பும். எழுத்துகள் தடிப்பாகத் தெரியும், வீடியோ இழுக்கும். பரவாயில்லை, வேலை செய்யும். கிராஃபிக்ஸ் டிரைவர் எச்சங்கள் தொல்லை கொடுத்தால் டிடியூ என்று எல்லோரும் சொல்லும் டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டோலரை சேஃப் மோடில், இன்டர்நெட்டைத் துண்டித்துவிட்டு ஓட்டலாம்.

வை-ஃபை டிரைவரை நீக்கிவிட்டால் புதியதை எப்படி இறக்குவது என்ற கேள்வி வரும். சாதாரணமாக விண்டோஸ் ஏறியதும் ஆண்ட்ரொய்ட் போனை யூஎஸ்பி வயரில் இணைத்து, போனின் ஹொட்ஸ்பொட் செட்டிங்ஸில் யூஎஸ்பி டெதரிங்கை ஓன் பண்ணுங்கள். வை-ஃபை இல்லாமலே போனின் டேட்டா கம்பியூட்டருக்கு வரும்.

சேஃப் மோடும் வரவில்லை என்றால்

அதே அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸில் சிஸ்டம் ரீஸ்டோரைத் திறந்து, அப்டேட்டுக்கு முந்திய திகதி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதைத் தெரிவு செய்யுங்கள். அந்தத் திகதிக்குப் பிறகு போட்ட புரோகிராம்களும் டிரைவர்களும் போகும். உங்கள் சொந்தக் கோப்புகளைத் தொடாது. தொடங்கினால் முடியும்வரை அணைக்கக் கூடாது. இடி மின்னல் நேரத்தில் யூபிஎஸ் இல்லாத டெஸ்க்டொப்பில் இதை ஆரம்பிக்கவே வேண்டாம். பல மெஷின்களில் சிஸ்டம் ரீஸ்டோர் ஓஃப் பண்ணியே இருக்கும், பட்டியல் வெறுமையாக வந்தால் நேரம் கடத்தாமல் அடுத்ததற்கு வாருங்கள்.

மாதாந்த விண்டோஸ் அப்டேட்டோடு பிரச்சினை வந்திருந்தால் 'அன்இன்ஸ்டோல் அப்டேட்ஸ்' போய், கடைசி குவாலிட்டி அப்டேட்டை நீக்குங்கள். ஸ்டார்ட்அப் ரிப்பேரை ஒரு தடவை ஓட்டிப் பார்ப்பதில் நட்டமில்லை, ஆனால் பிழையான டிரைவரை அது கண்டுபிடிப்பது அபூர்வம்.

இதற்கும் அசையாதவற்றுக்குக் கொமாண்ட் ப்ரொம்ப்ட்டில் டிஸ்ம் என்ற கருவி இருக்கிறது. விண்டோஸ் தூங்கிக்கொண்டிருக்கும்போதே வெளியிலிருந்து அதன் டிரைவரை எடுத்துப் போடக்கூடியது. கொஞ்சம் பழகியவர் பக்கத்தில் இருந்தால் நல்லது. முதலில் நோட்பேட்டில், விண்டோஸ் ஃபோல்டருக்குள் ஐஎன்எஃப் ஃபோல்டரில் இருக்கும் 'செட்அப் ஏபிஐ டெவ்' என்ற லொக் கோப்பைத் திறந்து அடிப்பக்கத்துக்குப் போங்கள். எந்த டிரைவர், எந்தத் திகதி, எத்தனை மணிக்கு ஏறியது என்று வரிவரியாக இருக்கும். நீங்கள் தாளில் எழுதிய நேரத்தோடு ஒத்துப்பாருங்கள். அதற்கு 'ஓஇஎம்' என்று தொடங்கி ஓர் எண்ணோடு ஒரு பெயர் கொடுக்கப்பட்டிருக்கும். பிறகு டிஸ்மில் உங்கள் விண்டோஸ் டிரைவைக் காட்டி டிரைவர் பட்டியலைக் கேட்டு, அதே ஓஇஎம் எண் அதே கம்பனியுடையதுதானா என்று உறுதி செய்துகொண்டு, அதை மட்டும் நீக்கச் சொல்லுங்கள். டிஸ்க் கன்ட்ரோலர் டிரைவரை நீக்கும்போது இரண்டு தடவை யோசியுங்கள். தவறானதை எடுத்தால் விண்டோஸால் தன் டிஸ்க்கையே பார்க்க முடியாமல் போகும்.

எல்லாம் தோற்றால்தான் 'ரீசெட் திஸ் பீசி'. அதிலும் 'கீப் மை ஃபைல்ஸ்' என்பதைத் தெரிவு செய்யுங்கள். கோப்புகள் இருக்கும், போட்ட புரோகிராம்கள் போகும். கிளவுட் டவுன்லோடா, லோக்கல் ரீஇன்ஸ்டோலா என்று கேட்கும். கிளவுட் என்றால் 4 ஜிபிக்கு மேல் டேட்டா போகும். மாதப் பெக்கேஜை நம்பி இருப்பவர்கள் லோக்கலைத் தெரிவு செய்தால் போதும்.

எழும்பிய பிறகு

விண்டோஸ் ஏறிவிட்டது என்று சந்தோஷத்தில் விட்டுவிடாதீர்கள். விண்டோஸ் அப்டேட் அதே டிரைவரை இரவோடிரவாக மறுபடி போட்டுவிடும். செட்டிங்ஸில் அப்டேட்டைச் சில வாரத்துக்கு நிறுத்தி வையுங்கள். பிறகு தேடல் பெட்டியில் 'டிவைஸ் இன்ஸ்டலேஷன் செட்டிங்ஸ்' என்று தேடித் திறந்து, 'நோ' என்று வையுங்கள். டொங்கிளிலோ போன் ஹொட்ஸ்பொட்டிலோ இன்டர்நெட் எடுப்பவர்கள் அந்த இணைப்பை மீட்டர்ட் என்று குறித்துவிட்டால் டேட்டாவும் மிஞ்சும், டிரைவர்களும் கேட்காமல் இறங்குவது குறையும்.

சிஸ்டம் ப்ரொடெக்ஷனை ஓன் பண்ணி ஒரு ரீஸ்டோர் பொயின்ட் வையுங்கள். 8 ஜிபி பென் டிரைவ் ஒன்றில் மைக்ரோசொப்ட்டின் மீடியா கிரியேஷன் டூலால் விண்டோஸ் இன்ஸ்டோலரைச் செய்து வைத்தால் ரிகவரி தானாக வராத நாளிலும் அதிலிருந்து உள்ளே போகலாம். பல ஜிபி இறக்கும் வேலை இது, இரவு டேட்டாவில் செய்யுங்கள். ஒரு லயத்துக்கு ஒரு பென் டிரைவ் இருந்தாலே போதும், எல்லோருக்கும் பயன்படும்.

என் அபிப்பிராயம், ஒழுங்காக வேலை செய்யும் டிரைவரை மாற்ற வேண்டிய அவசியம் வீட்டு மெஷின்களுக்கு மிக அரிது. பாதுகாப்புக் குறைபாடு திருத்தப்பட்டது என்று கம்பனி சொன்னால் போடுங்கள். மற்றபடி 'உங்கள் 23 டிரைவர்கள் பழையவை' என்று சிவப்பில் பயமுறுத்தும் டிரைவர் அப்டேட்டர் புரோகிராம்களை அன்றே நீக்குங்கள். டிரைவர் வேண்டுமென்றால் லெப்டொப்பின் அடியில் உள்ள மொடல் இலக்கத்தைப் பார்த்து, தயாரித்த கம்பனியின் தளத்திலிருந்து மட்டும் எடுங்கள். விண்டோஸ் 10க்கான மைக்ரோசொப்ட்டின் வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. அதில் ஓடும் பழைய மெஷின்களுக்குப் புது டிரைவர் தேடி அலைவதில் லாபம் இல்லை.

கடைக்குத்தான் போக வேண்டும் என்றால்

வெட்கப்பட ஒன்றுமில்லை, சில வேலைகளுக்குக் கருவி வேண்டும். டெஸ்க்டொப் என்றால் மொனிட்டரை வீட்டில் விட்டு, பெட்டியை மட்டும் கொண்டுபோங்கள். லெப்டொப்புக்குச் சார்ஜரையும் எடுங்கள். நீங்கள் எழுதிய தாளையும் ஸ்டொப் கோட் படத்தையும் காட்டி, "இந்த டிரைவர் போட்ட பிறகுதான் இப்படி, அதை மட்டும் எடுத்துப் பாருங்க அண்ணா" என்று சொல்லுங்கள். போர்மட் பண்ணித்தான் ஆக வேண்டும் என்றால் முதலில் டிஸ்க்கைக் கழற்றி, வேறு கம்பியூட்டரில் இணைத்து யூசர்ஸ் ஃபோல்டரைக் கொப்பி எடுத்துத் தரச் சொல்லுங்கள். அதற்குத் தனியாகக் காசு கேட்டால் கொடுங்கள், அது நியாயமான வேலை. பிட்லொக்கர் பூட்டிய டிஸ்க் என்றால் 48 இலக்கச் சாவி இல்லாமல் அவராலும் திறக்க முடியாது, தாளை மறக்காமல் எடுத்துப் போங்கள். கோப்புகள் கைக்கு வந்து, பென் டிரைவில் இரண்டு மூன்றைத் திறந்து பார்த்த பிறகு மட்டும் போர்மட்டுக்குச் சரி சொல்லுங்கள்.